உப்புத்தாள் பரிகாரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், முந்தின நாள் கல்யாணச் சமையல் முடித்துவிட்டு வந்து ஃபேனுக்கு நேர் கீழே பாயில் கிடந்த என் வீட்டுக்காரர், மணல் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டிருந்த, ஐந்தாவது படிக்கும் என் மாணவி, ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா, அவர் தன் ஆட்டோவில் கூட்டிவந்திருந்த கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பம், அதாவது ஒரு கணவர், ஒரு மனைவி, அவர்களுடைய எட்டு வயது மகன், கணவரின் அம்மா. ஆக எட்டுப் பேர். கூடவே ஒரு தேங்காய், ஒரு பொட்டலம் சூடம்.

தேங்காயை ஏன் கணக்கில் சேர்க்கிறேன் என்றால், அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான். திங்கட்கிழமை காலையில் சட்னி ஆகிவிடும்.

இத்தனைக்கும் எங்கள் வீடு கோயில் இல்லை. வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு நான் எழுத்து சொல்லிக்கொடுக்கிற இடம். எட்டாவதோடு நின்றவள் எழுத்து சொல்லிக்கொடுக்கிறாளா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதை நான் தினமும் காலையில் பல் துலக்கும்போதே என்னிடம் கேட்டு முடித்துவிடுவதால், மற்றவர்கள் சிரமப்பட வேண்டாம் என்பது என் எண்ணம்.

நாலு தெரு தள்ளி ஒரு மேடம் இந்த வகுப்பை நடத்திவந்தார். நான் பெருக்கித் துடைக்கப் போனேன். பிறகு மரம் தேய்க்கிற உப்புத்தாளை எழுத்து எழுத்தாக வெட்டி அட்டையில் ஒட்டும் வேலையும் என் தலையில் வந்தது. பிறகு, “சும்மாதானே இருக்கே, இந்தப் பொண்ணுகூட உக்காரு” என்றார். அப்படி உட்கார்ந்ததுதான். மேடத்தின் வீட்டுக்காரருக்கு வடக்கே எங்கேயோ மாற்றல் வந்தபோது, எழுத்துப் பெட்டியையும் மணல் தட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு, சனிக்கிழமைதோறும் வீடியோவில் வந்து என்னைக் கேள்வி கேட்பதென்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் போனது அன்றிலிருந்து. அதற்கு முன்னால் ஏதோ தூங்கிக் கிழித்தது போலச் சொல்கிறேன்.

முறை ரொம்ப எளிது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு புதுச் சத்தம். அதைக் காது கேட்க வேண்டும், வாய் சொல்ல வேண்டும், கண் பார்க்க வேண்டும், விரல் தடவ வேண்டும், எல்லாம் ஒன்றாக. உப்புத்தாள் எழுத்தின் மேல் இரண்டு விரலை வைத்து, சத்தத்தைச் சொல்லிக்கொண்டே அது வளைகிற பக்கமெல்லாம் இழுக்க வேண்டும். அடுத்து மணலில். அடுத்துக் காற்றில், தோளிலிருந்து கையை வீசி. அப்புறம் அந்தச் சத்தம் வருகிற சொற்கள். கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டிச் சொல்லைப் பிரித்து, பிறகு சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுக்காத எழுத்தை எந்தப் பிள்ளையிடமும் நீட்டக் கூடாது. படத்தைப் பார்த்து ஊகிக்க விடக் கூடாது. மறுநாள், நேற்று படித்ததிலிருந்து மறுபடி. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கே வரும். வந்தாலும் வாயை மூடிக்கொண்டு விட வேண்டும் என்பது மேடம் சொன்ன கடைசி விதி.

எளிது என்று சொன்னேனே தவிர, கவலைப்பட இதில் இடமே இல்லை என்று சொல்லவில்லை. மணல் பிள்ளைகளின் கண்ணில் விழுந்தால்? ஆகவே சலித்துக் கழுவிக் காயவைப்பேன். அந்த மணலும் பாலாற்று மணல். லாரி லாரியாக அள்ளுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கும் ஊரில், ஒரு தட்டு மணலை முந்தானையில் மறைத்து எடுத்துவந்ததற்காக என் வாசலில் போலீஸ் வந்து நிற்பதாக நான் கனவு கண்டுகொண்டிருந்தேன். “வரட்டும், தட்டோட கொடுத்துடு” என்றார் என் வீட்டுக்காரர். கவலைப்படுகிறவள் வீட்டில் இப்படி ஒரு மனிதர் இருப்பது இருவருக்குமே நல்லதல்ல.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். நாலாவது வரைக்கும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது யாருக்குமே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் ஒரு தடவை வாசித்தால் போதும், பாடம் முழுவதும் இவள் நெஞ்சில் ஏறிவிடும். புத்தகத்தை விரித்துவைத்து, சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டி, ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பாள். வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறவள் என்று பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கூட வாங்கியிருக்கிறாள். ஐந்தாவதில் வந்த டீச்சர், பாடத்தைக் கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கெடுத்துவிட்டார்.

என்னிடம் வந்தபோது அவளுக்குக் கொம்பு வைத்த எழுத்து எல்லாமே எதிரி. கொம்பு முன்னால் நிற்கும், சத்தம் மட்டும் பின்னால் வரும். “எதுக்கு மிஸ் முன்னாடி வந்து நிக்குது?” என்று கேட்டாள். கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் வந்து நிற்கிற மாப்பிள்ளை வீட்டாரைப் போல என்றேன். வேறு பதில் எனக்கும் தெரியாது. மிஸ் என்று அவள் முதல் முதலாகக் கூப்பிட்டபோது, பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தவள் நான்.

பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிறது அவள் படிக்கும் தனியார் பள்ளி. அங்கே ஒரு நாள் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: தலைமையாசிரியை முன்னால், இதுவரை நடத்தாத பாடத்திலிருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் டிசி. டிசி கொடுத்தால் அவளைக் கூரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று வீட்டில் பேச்சு. அம்மா ஒரகடம் பக்கத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவள், ஷிப்ட் பஸ் வந்தால் கிளம்ப வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கூரத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தையைப் பற்றித்தான். அத்தைக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. தொட்டில் ஆட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

“அங்க போனா ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாங்க மிஸ்” என்றாள் அவள் ஒரு நாள், மணலில் ‘மே’ எழுதிக்கொண்டே. “புள்ளைங்களுக்கு ஒடம்பு சரியில்லனு தெனமும் லீவு போடச் சொல்வாங்க. அக்காவ அப்பிடித்தான் நிறுத்துனாங்க.” அத்தையின் மூத்த மகளைச் சொல்கிறாள். சொல்லிவிட்டு, ‘மே’ யின் இரட்டைச் சுழிக் கொம்பைத் திருத்திப் போட்டாள். அன்றைக்கு ராத்திரி நான் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அவள் நன்றாகத் தூங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அவள் அப்பாவுக்கு என்னிடம் மரியாதை அதிகம். அதுதான் வினை. மாதம் நானூறு ரூபாய் பீஸ். முதல் இரண்டு மாதம் ஒழுங்காகத் தந்தார். அதற்குள் மகள் நாலைந்து சொற்களை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டிவிட்டாள். மனிதர் அரண்டுபோனார். ஒரு மாலை வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“இன்னாக்கா, இந்த உப்புத்தாளு எந்தக் கோயில்லர்ந்து வாங்கினு வந்தீங்க?”

“ஹார்டுவேர் கடையிலர்ந்துபா. ஷீட்டு பதினஞ்சு ரூபா.”

“சரி சரி, சொல்ல வேணாம்” என்று கண்ணைச் சிமிட்டினார். “சில விஷயம் வெளிய சொன்னா பலிக்காது.”

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பிழைப்பு அப்படி. வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர் என்று சுற்றிக்காட்டி, கடைசியில் ஒரு பட்டுக்கடை வாசலில் இறக்கிவிடுவது. வரதர் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி உண்டு. படியேறி, தலைக்கு மேலே இருக்கும் அந்தப் பல்லியை ஒரு தரம் தொட்டுவிட்டு இறங்கினால், மேலே பல்லி விழுந்த தோஷமெல்லாம் அந்த நிமிஷமே தீர்ந்துவிடும். தினமும் இதைப் பார்க்கிற மனிதருக்கு, சொரசொரப்பான ஒன்றைத் தொட்டுத் தன் மகளுக்கு எழுத்து வருகிறது என்றால் என்ன தோன்றும்? ஒரு தரம் தொட்டது போதாமல் அவளைத் திரும்பத் திரும்பத் தடவச் சொல்கிறேனே, தோஷம் கொஞ்சம் கெட்டியோ என்று மட்டும்தான் அவருக்குச் சந்தேகம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோவில் வந்த ஏதோ ஒரு அம்மா, பையனுக்குப் படிப்பே ஏறவில்லை என்று புலம்பியிருக்கிறாள். இவர் வண்டியைச் செவிலிமேட்டுக்குத் திருப்பிவிட்டார். நான் ஒன்றும் புரியாமல் கதவைத் திறந்தேன். பையன் வந்தான், ‘அ’ வைத் தடவினான், நெற்றியில் விரலை வைத்துக்கொண்டான். அந்த அம்மா என் காலில் விழப் பார்த்தாள். தேங்காயை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் இரண்டு குடும்பம்.

“இது தப்புபா” என்றேன். “அவங்ககிட்ட இன்னா சொல்லிக் கூட்டினு வர?”

“நான் ஒண்ணும் சொல்றது இல்லக்கா. படிப்பு மணல்னு மட்டும் சொல்றேன்.”

“தொட்டா வராது. தெனமும் சொல்லித் தரணும். மாசக்கணக்கா ஆவும்.”

“அது அவங்க அவங்க நம்பிக்கைக்கா. நீங்க ஏன் கெடுக்கிறீங்க?”

வந்தவர்கள் காணிக்கை என்று மணலில் வைத்த பணத்தை நான் தொடவில்லை. சாமி குத்தம் ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம் என்று இரண்டுக்கும் சேர்த்துப் பயந்தேன். “நீங்க வேணாம்னா நான் வெச்சிக்கிறேன், பீஸ்ல கழிச்சிக்கலாம்” என்று அவரே எடுத்துக்கொண்டார். நான் வாங்காத பணத்தை அவர் வாங்கி, அதை அவர் எனக்குத் தரவேண்டியதில் கழித்தால், கணக்கு எந்தப் பக்கம் இறங்கும் என்பது எட்டாவது வரைக்கும் படித்த எனக்கு விளங்கவே இல்லை. பன்னிரண்டாவது வரை போயிருந்தால் விளங்கியிருக்குமோ என்னவோ.

இனிமேல் யாரையும் கூட்டிவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல ஒரு தரம் வாயைத் திறந்தேன். “உங்களுக்குத் தொந்தரவா இருந்துதுன்னா பாப்பாவ நிறுத்திக்கிலாம்கா” என்றார், மிரட்டலாக அல்ல, நிஜமான அக்கறையோடு. பாப்பா அப்போது பக்கத்து அறையில் ‘கொடி’, ‘செடி’ என்று விரலைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். கொட்டாவி என்று நினைத்திருப்பார்.

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் திங்கட்கிழமை பள்ளியில் வாசித்துக் காட்ட வேண்டும். கடைசி நாள் என்பதால் அவளை மட்டும் வரச்சொல்லியிருந்தேன். பழைய அட்டைகளை எல்லாம் ஒரு சுற்று விட்டு, மணலில் சொல் எழுதவைத்து, வாக்கியம் வாசிக்கும் இடத்துக்கு வந்திருந்தோம். அப்போது வாசலில் ஆட்டோ நின்றது.

“யாருங்க, இவங்கதானுங்களா?” என்று முதலில் நுழைந்தது அந்தப் பாட்டி. மருமகள் பின்னால் பெரிய பட்டுக்கடைப் பை ஒன்றை அணைத்துக்கொண்டு வந்தாள். பையன் ஒரு தொப்பி வைத்திருந்தான். கணவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை, ஏதோ சித்தர் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தத் திசையிலும் ஒரு கும்பிடு போட்டார்.

“இன்னிக்கு வேணாம்பா” என்றேன் ஆட்டோக்காரரிடம். “நாளைக்கு பாப்பாவுக்குப் பரீட்சை. நீ மறந்துட்டியா?”

“மறப்பனா? அஞ்சு நிமிஷம்கா. ரொம்ப தூரத்துலர்ந்து வந்திருக்காங்க. தம்பி ஒரு தபா தொட்டுட்டுப் போவட்டும்.”

கணவர் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. “ஏனுங்க, தொட்டா நிஜமாலுமே வருமுங்களா?” என்று கேட்டார். ஆட்டோக்காரருக்கு இது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது.

“சார், இதோ என் பொண்ணு. ஒரு எழுத்துத் தெரியாது சார் இதுக்கு. இப்ப பாருங்க.” சட்டைப் பையைத் துழாவினார். கோபுரம் படம் போட்ட ஒரு நோட்டீஸ் கிடைத்தது. காலையில் கோயில் வாசலில் யாரோ எல்லோர் கையிலும் திணித்ததாம். இவரும் வாங்கி மடித்து வைத்திருக்கிறார். “எம்மா, இத அங்கிளுக்குப் படிச்சிக் காட்டு.”

அதில் என்னென்ன எழுத்து இருக்கும், நான் சொல்லிக்கொடுத்தது எது, கொடுக்காதது எது, ஒன்றும் தெரியாது. இத்தனை பேர் முன்னால் இவள் தடுக்கி விழுந்தால், நாளைக்குத் தலைமையாசிரியை முன்னால் வாயே திறக்க மாட்டாள். “அது வேணாம்பா, நான் புத்தகம் தரேன்” என்று எழுந்தேன். அதற்குள் அவள் நோட்டீஸை வாங்கி மடியில் விரித்துவிட்டாள். படத்தை உள்ளங்கையால் மூடினாள். படத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாது என்று நான் சொன்னதை இந்த உலகத்தில் கடைப்பிடிக்கிற ஒரே ஆள்.

“அ… ன்… பா… அன்பா… ர்ந்… த. அன்பார்ந்த.”

விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன.

“பக்… தர்… பக்தர்… களே. பக்தர்களே.”

“சாமி நோட்டீஸு” என்றார் அப்பா, மார்பை விரித்துக்கொண்டு. “கேளுங்க சார்.”

கேட்டார்கள். அவள் வாசிக்கிற வேகத்தில் ஒரு பட்டுச்சேலைக்கு முந்தானையே நெய்துவிடலாம். பாட்டி கீழே உட்கார்ந்துவிட்டாள். கொம்பு வந்த இடங்களில் எல்லாம் பாப்பா ஒரு கணம் நின்று, விரலால் மணலைத் தேடாமல் தேடி, மறுபடி கிளம்பினாள்.

“ஆட்… டோ… ஆட்டோக்… கா… ரர். ஆட்டோக்காரர். காட்… டும். காட்டும். கடை… யில். கடையில்.”

மருமகள் பட்டுக்கடைப் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். எனக்குப் புரிந்துவிட்டது. கவலைப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு சௌகரியம் உண்டு, கெட்டது வருவதற்கு முன்னாலேயே புரிந்துவிடும். ஆட்டோக்காரருக்கு இன்னும் புரியவில்லை. தன் தொழிலின் பெயர் அச்சில் வந்ததில் அவருக்குப் பெருமைதான்.

“சே… லை… சேலை. எடுத்… து. எடுத்து. ஏ… மா… றா… தீர்… கள்.” சேர்த்துச் சொல்ல அவளுக்கு இரண்டு முயற்சி வேண்டியிருந்தது. “ஏமாறாதீர்கள். அவ… ருக்… கு. அவருக்கு. தரு… ம். தரும். க… மி…”

நின்றுவிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“மிஸ், இந்த எழுத்து நாம படிக்கல.”

எட்டிப் பார்த்தேன். ‘ஷ’. உண்மைதான், படிக்கவில்லை. அடுத்த மாதம் என்று தள்ளிவைத்திருந்தேன். சொல்லிக்கொடுத்தால் குடும்பம் இவர் கழுத்தைப் பிடிக்கும். சொல்லிக்கொடுக்காவிட்டால், இத்தனை தூரம் தானாக ஏறி வந்தவள் ஒரு படியில் உட்கார்ந்துவிடுவாள்.

அதற்குள் அவள் அப்பா குனிந்து அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். ஆறாவதோடு நின்ற மனிதர், பஸ் போர்டைக் கூட நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறவர். ஆனால் இந்த ஒரு சொல்லை மட்டும் அவர் எந்தத் தூரத்திலிருந்தும் அடையாளம் தெரிந்துகொள்வார்.

“கமிஷன்மா!” என்றார் உற்சாகமாக. “அது கமிஷன்.”

சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

வாக்கியத்தில் இன்னும் இரண்டு வார்த்தை மீதம் இருந்தது. அவர் நினைத்திருந்தால் நோட்டீஸைப் பிடுங்கியிருக்கலாம். ‘போதும்மா’ என்று ஒரு சொல் போதும். கை நீண்டது, நான் பார்த்தேன். நீண்ட கை அவள் தலைக்கு மேலே அப்படியே நின்றது. அவர் மகள் எழுத்துக் கூட்டி முழு வாக்கியம் வாசித்து, அந்த நாளுக்கு முன்னால் அவர் கேட்டதே இல்லை.

“கமிஷன்” என்று அவள் திருப்பிச் சொல்லி, ‘ஷ’ வின் மேல் இரண்டு விரலை வைத்து ஒரு தரம் இழுத்தாள். “உங்… கள். உங்கள். ப… ண… மே. பணமே. தரும் கமிஷன் உங்கள் பணமே.” புள்ளி வந்ததும் நிறுத்தினாள். “முடிஞ்சிது மிஸ்.”

மருமகள் பட்டுக்கடைப் பையைப் பிரித்து எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க” என்றாள் மருமகள், மெதுவாக, கணவரிடம். “காத்தால நாம எடுத்தமுல்லீங்க, அது இவரு காட்டின கடைதானுங்களே?”

“அது வேற கடைம்மா” என்றார் ஆட்டோக்காரர். “அவங்க அப்படியாப்பட்டவங்க இல்ல.”

“எவ்வளவுங்க உங்களுக்கு?” என்றார் கணவர்.

“அது… டீ செலவுக்குதான் சார்.”

“டீயா? எத்தன பேருக்குங்க?”

பாட்டிதான் தகராறைத் திசைதிருப்பினாள். “அதை உடுறா. புள்ள எப்புடிப் படிச்சிது பாத்தியா?” என்று பாப்பாவின் கன்னத்தை வழித்தாள். “ஏங் கண்ணு, எத்தன நாளாச்சு இது உனக்கு வர?”

“எட்டு மாசம், பாட்டி. தெனமும் வரணும். நேத்து படிச்சத மறுபடி படிக்கணும். போர் அடிக்கும்.”

“எட்டு மாசமா!” கணவருக்கு இரண்டாவது தரம் ரத்தம் ஏறியது. “ஒருக்கா தொட்டாப் போதும்னீங்க?”

மருமகள் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள். அவள் பையன் இதற்குள் தொப்பியைக் கழற்றிவிட்டு மணலில் எதையோ எழுதி அழித்து எழுதிக்கொண்டிருந்தான். “இவனும் இப்படித்தானுங்க, எல்லாத்தையும் மனப்பாடமாச் சொல்லிப்போடுவான். எங்கூருப் பக்கம் இது மாதிரி சொல்லித் தர்றவங்க இருப்பாங்களா?” மேடத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். கொடுத்த உடனே, எட்டாவது படித்தவள் வெளியூர் ஆட்களுக்கு எண் கொடுக்கிறாளா என்று மேடம் கேட்பாரோ என்று ஒரு கவலை சேர்ந்துகொண்டது.

போகும்போது கணவர் சூடத்தை வைத்துவிட்டு, தேங்காயை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார்.

“இன்னாடி, தேங்கா போவுது?”

“போவட்டும். தூங்குங்க.”

“அப்ப நாளைக்குச் சட்னி?”

அவர்களைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, ஆட்டோக்காரர் சாயங்காலம் திரும்பி வந்தார். வாங்கின திட்டு முகத்தில் தெரிந்தது. என்னையும் திட்டப்போகிறார் என்று, சொல்ல வேண்டிய பதில்களைச் சமையலறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் நேராகப் போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் புது உப்புத்தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் ‘ஷ’ வரைந்து கொண்டிருந்தேன். “குடுங்க, நான் வெட்றேன்” என்று கத்தரிக்கோலை வாங்கினார். தாளை இப்படியும் அப்படியும் திருப்பி, ஓரத்தில் இருந்த விலையைப் பார்த்தார்.

“பதினஞ்சு ரூபான்னுதான் போட்டிருக்குது” என்றார், ஏமாந்த குரலில்.

“நான் சொன்னேனே.”

“சொன்னீங்க. நான்தான் நீங்க மறைக்கிறீங்கன்னு…” முடிக்கவில்லை. ‘ஷ’ வை அவர் வெட்டிய அழகில் அது பாதி ‘ஸ’ ஆகிவிட்டது. இன்னொரு பதினைந்து ரூபாய் போனது. மகள் அதைத் தடவிச் சத்தம் சொல்லும்போது, அவர் தன் தொடையில் விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

திங்கட்கிழமை, நானும் ஆட்டோவில் போனேன். பெற்றோர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். நல்லதாகப் போயிற்று, நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று தலைமையாசிரியை கேட்டால் சொல்ல என்னிடம் இருந்தது ஒரே பதில்தான். ஆட்டோவில் உட்கார்ந்து, நடக்கக்கூடிய கெடுதல்களை ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்தேன். அவள் அழுகிறாள். அவள் வாயே திறக்கவில்லை. பயத்தில் பழையபடி மனப்பாடத்துக்குப் போய், அந்தப் பாடத்தில் இல்லாத எதையோ ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கிறாள். கூரத்தில் தொட்டில் ஆடுகிறது. ஒரு டூரிஸ்ட் வந்து, “வரதர் கோயிலுக்கு எவ்வளவு?” என்று கேட்டார். “டிரைவர் உள்ள பரீட்சையில இருக்கார்” என்றேன்.

ஒரு வழியாக இருவரும் வெளியே வந்தார்கள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

“இன்னாபா ஆச்சு?”

“பாதிப் பக்கம்தான் படிச்சாக்கா.”

“ஐயோ.”

“அதுக்குள்ள பெல் அடிச்சிட்டாங்க. பெரிய மிஸ்ஸு கடிகாரத்தையே பாத்துக்கினு இருந்தாங்க. இவ விடல. பெல் அடிச்சப்புறமும் வாக்கியத்த முடிச்சிட்டுத்தான் புஸ்தகத்த வெச்சா.”

“அவங்க இன்னா சொன்னாங்க, அதச் சொல்லுபா!”

“வேகம் பத்தாதுன்னாங்க. ஆனா பாத்துப் படிக்கிறா, ஒப்பிக்கலன்னாங்க. டிசி வேணாம், முழுப் பரீட்சை வரைக்கும் இருக்கட்டும்னாங்க.”

இதை முதலில் சொன்னால் என்ன என்று அவர் தோளில் ஒன்று போடத் தோன்றியது. அவள் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“மிஸ், அதுல ‘ஷ’ வந்துச்சு.”

“இன்னாம்மா பண்ண?”

“அதான் தெரியுமே. அப்பா எழுத்து.”

வழியெல்லாம் அப்பா வண்டியை மெதுவாக விட்டு, “அந்த போர்டு படி, இந்த போர்டு படி” என்று காட்டிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தது. “தல வலிக்குதுபா, நாளைக்கு” என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முழுப் பரீட்சைக்கு எத்தனை சத்தம் பாக்கி இருக்கிறது என்று நான் எண்ணத் தொடங்கினேன். ஒரு கவலை தீர்ந்த இடத்தில் அடுத்தது வந்து உட்கார்ந்தால்தான் எனக்கு வண்டி ஓட்டம் சமமாக இருக்கும்.

படிப்பு மணல் யாத்திரை அத்தோடு நின்றது. திங்கட்கிழமைச் சட்னிக்கு இப்போது நாங்களே தேங்காய் வாங்குகிறோம். அப்பா மட்டும் சில நாட்கள் மாலையில் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், சவாரி இல்லை என்பார்.

அப்படி அவர் உட்கார்ந்திருந்த ஒரு நாளில், சொல்வதைக் கேட்டு எழுதும் பயிற்சிக்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அவளுக்குத் தெரிந்த எழுத்துகளாக மட்டும் பொறுக்கி நானே சொன்னேன்: அப்பா இன்னும் இரண்டாயிரத்து நானூறு ரூபாய் தர வேண்டும். மணல் தட்டு சின்னது, ஒரு தரத்துக்கு ஒரு சொல்தான் கொள்ளும். அவள் ஒவ்வொரு சொல்லாகத் தப்பில்லாமல் எழுதினாள். ஒவ்வொரு சொல் முடிந்ததும், வெகு பணிவாக, அவள் அப்பாவே தட்டைக் குலுக்கிச் சமப்படுத்திக் கொடுத்தார். கடைசியில் தட்டில் ‘வேண்டும்’ மட்டும்தான் இருந்தது. “நல்லா எழுதுறாக்கா” என்று எழுந்து போனார்.

மணலில் எழுதினால் இப்படித்தான் ஆகும். அச்சைக் குலுக்க முடியாது என்பதால் இங்கே ஒரு தரம் எழுதிவைக்கிறேன்: இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.